பட்டாளத்துப் பென்ஷனும் மானாவாரி நிலமும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே இருக்கிறது வன்னியம்பட்டி. மேற்கே தொடர்ச்சி மலை, அடிவாரத்தில் மாவும் தென்னையும், கிழக்கே போகப் போகக் கரிசல். மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் கண்மாய்களை நிரப்பினால் நெல். இல்லாவிட்டால் கிணற்றுத் தண்ணீர் எட்டும் மட்டும் ஏதோ ஒரு வெள்ளாமை. இந்த வட்டாரத்து ஊர்களில் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்து விவசாயம் பார்க்கிறவருக்குத் தனி மதிப்பு உண்டு. வரப்பு நேராக இருக்கும், வேலி பழுதில்லாமல் இருக்கும், மோட்டார் கொட்டகை பூட்டியிருக்கும். சுற்றியிருக்கிற புஞ்சைகள் கை மாறிய பிறகும் அவர் நிலம் அவரிடமே இருக்கும். காரணம் கேட்டால் ஊர் சொல்லும் பதில், ‘மிலிட்டரி ஒழுங்கு’ என்பது. விவசாயம் பற்றி மேடையில் பேசுகிறவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. அவரை நிலத்தில் நிறுத்தி வைத்திருப்பது மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கில் வந்து விழும் பென்ஷன். இதை ஒப்புக்கொண்டால், சம்சாரி ஏன் தோற்கிறார் என்ற கேள்விக்கு இத்தனை காலம் நாம் சொல்லிவந்த பதில்கள் பலவற்றைக் கைவிட வேண்டியிருக்கும். அதனால்தான் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறோம் என்று நினைக்கிறேன்.

முதலில் கணக்கு. தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு 2018 ஜூலை முதல் 2019 ஜூன் வரையிலான வேளாண் ஆண்டுக்கு எடுத்த கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிரிலிருந்து வந்தது 3,798 ரூபாய். கூலியாகவும் சம்பளமாகவும் வந்தது 4,063 ரூபாய். விவசாயக் குடும்பம் என்று நாம் அழைக்கிற குடும்பம் வெள்ளாமையில் சம்பாதிப்பதைவிடக் கூலியில் அதிகம் சம்பாதிக்கிறது. இதன் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைத்துப் பார்க்கலாம். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு, 2016 முதல், மத்திய அரசு ஓய்வூதியம் எதுவும் மாதம் 9,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. படைவீரருக்கும் அதுவே தரைமட்டம். அதன்மேல் அகவிலை நிவாரணம் ஆண்டுக்கு இருமுறை திருத்தப்படும். ஒரு சாதாரண சிப்பாயின் பென்ஷனில் மிகத் தாழ்ந்த தொகையே, சராசரி விவசாயக் குடும்பம் ஒரு மாதத்தில் மண்ணிலிருந்து எடுப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். தமிழ்நாட்டில் சராசரி நில உடைமை 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி முக்கால் ஹெக்டேர். இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இவ்வளவு சிறிய நிலத்தில் ஒழுங்கு எவ்வளவு இருந்தாலும் இந்த இடைவெளியை அது தாண்டிவிட முடியாது.

வறண்ட பூமியில் நிலத்தைக் காப்பாற்றிய வீடுகள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த பணத்தால் காப்பாற்றியவைதான். இந்த வட்டாரத்தில் அந்தப் பணம் வரும் வாசல்கள் எல்லோருக்கும் தெரியும். 1936-இல் தொடங்கிய ராஜபாளையம் மில்லும் அதன் பின்னால் வந்த நூற்பாலைகளும், சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணித் தறிகளும், சிவகாசியின் தீப்பெட்டியும் பட்டாசும் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கின்றன. ஆனால் அந்த வேலைகள் பணத்தோடு சேர்த்து ஆளையும் எடுத்துக்கொள்கின்றன. ஷிப்டுக்குப் போகிறவர் வயலுக்குப் போக முடியாது. ஐம்பத்தெட்டு வயதில் மில்லை விட்டு வரும்போது உடம்பில் பெரிதாகத் தெம்பு இருக்காது. ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகை 2014 முதல் மாதம் ஆயிரம் ரூபாய்தான். பட்டாளத்துக்காரர் நிலைமை வேறு. பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேர்ந்து, பென்ஷனுக்கு வேண்டிய பதினைந்து ஆண்டுகளை முடித்து, இன்னும் ஒன்றிரண்டு ஆண்டு கூட்டிப் பணியாற்றிவிட்டு, முப்பத்தைந்துக்கும் நாற்பதுக்கும் இடையில் ஊர் திரும்புகிறார். உழைக்க இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் கையில் இருக்கின்றன. உடம்பு திடமாக இருக்கிறது. பணம் வந்துகொண்டிருக்கிறது, அந்தப் பணம் அவருடைய ஒரு நாளைக்கூடக் கேட்பதில்லை. முழு நாளும் நிலத்தில் நிற்கக்கூடிய, அதே சமயம் நிலத்தை நம்பிச் சாப்பிட வேண்டிய கட்டாயமில்லாத விவசாயி நம் கிராமங்களில் அநேகமாக இவர் ஒருவர்தான்.

அந்தப் பணத்துக்கு உண்மையில் கிடைப்பது பொறுத்திருக்கும் சக்தி. மாவில் ஒட்டுக்கன்று வைத்தால் ஓரளவு காய்ப்புக்கு நாலைந்து வருஷம். நெட்டைத் தென்னைக்கு ஆறேழு வருஷம். இந்த அடிவாரத்தில் நின்று நிலைக்கக்கூடிய வெள்ளாமை மரப்பயிர்தான் என்று எல்லாருக்கும் தெரியும். சப்பட்டையும் பஞ்சவர்ணமும் ராஜபாளையத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த மாம்பழங்கள். தெரிந்தும் சின்னச் சம்சாரி மூன்று மாதத்தில் காசாகும் பயிருக்கே திரும்பத் திரும்பப் போகிறார். கன்று வளரும் வரை வீட்டில் உலை வைக்க வேண்டுமே. தோப்பு இருந்தாலும் கதை அதுதான்: கையில் பணமில்லாதவர் மரம் பூத்திருக்கும்போதே வியாபாரியிடம் குத்தகை பேசி முன்பணம் வாங்கிவிடுகிறார், பழத்தின் விலை வேறு யாருக்கோ போகிறது. மக்காச்சோளமும் பருத்தியும் களத்திலிருந்தே கடன்காரரின் வண்டியில் ஏறுகின்றன. பென்ஷன்காரர் பறிக்கும் வரை காத்திருக்கிறார்; விலை படுத்துவிட்டால் மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு அடுத்த மாதம் விற்கிறார். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈ தென்னைகளைப் பிடித்து ஆண்டுக்கணக்கில் மகசூலை உறிஞ்சியபோதும், மலையிலிருந்து இறங்கும் யானையும் பன்றியும் ஓர் இரவில் கன்றுகளைச் சாய்த்துவிட்டுப் போகும்போதும், அடுத்த வாரம் மறுகன்று வாங்கி நடும் நிலையில் இருப்பவர் அவர்தான். சம்சாரி குடும்பங்களைக் கவிழ்ப்பதில் பயிருக்குச் சமமான பங்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கு உண்டு. 2003-இல் வந்த முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் அந்தச் செலவிலிருந்து அவர் குடும்பத்தைக் காக்கிறது. அவர் காலமானால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம். இத்தனை அபாயங்களை ஒரு நிரந்தரத் தொகை தாங்கிப் பிடிக்கும்போது, எஞ்சியிருப்பது மண்ணும் உழைப்பும். அவற்றை ஒழுங்காகக் கவனிக்க யாராலும் முடியும்.

ஒழுங்கின் பக்கம் நின்று பேசுகிறவர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது, அதைத் தள்ளிவிட முடியாது. பட்டாளத்துக்காரர் நாடு பார்த்தவர். பஞ்சாபின் கோதுமையையும் காஷ்மீரத்து ஆப்பிள் தோட்டங்களையும் கண்ணால் கண்டவர். படிவம் நிரப்பத் தெரியும். தாலுகா ஆபீஸில் நாற்காலியில் உட்கார்ந்து பேசத் தெரியும். இது சின்ன விஷயம் இல்லை. சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு நூறு சதவீத மானியம் தமிழ்நாட்டில் உண்டு. ஆனால் பட்டா, சிட்டா, அடங்கல், சிறு விவசாயி சான்று என்று காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு யார் அலைவது என்பதில்தான் பலர் தயங்கி நின்றுவிடுகிறார்கள். இதில் படைவீரர் முன்னே நிற்கிறார். ஆனாலும் அலுவலகத்தில் தைரியமாகப் பேசுவது ஒழுங்கின் சேர்த்தியில் வராது. அதிகாரத்துக்குப் பயப்படாமல் இருக்கப் பழகுவது அது. அந்தப் பயமின்மைக்குப் பின்னாலும் நிரந்தர வருமானம் நிற்கிறது. ஒழுங்கு என்று பார்த்தால், ராத்திரி எத்தனை மணிக்கு மும்முனை மின்சாரம் வந்தாலும் எழுந்துபோய் மடை மாற்றுகிற சம்சாரியிடம் இல்லாத ஒழுங்கு எந்தப் பாசறையிலும் இல்லை. அவர் தோற்றதற்குச் சோம்பலையும் குடியையும் ஊதாரித்தனத்தையும் காரணம் சொல்வது, தோற்றவரைத் தோல்விக்குப் பொறுப்பாக்கும் வேலை. ஒரே ஊரில் ஒரே மண்ணில் ஒரே குடும்பத்து அண்ணன் பட்டாளத்திலும் தம்பி நிலத்திலும் இருந்தால், முப்பது ஆண்டு கழித்து அண்ணனுடைய பங்கு தோப்பாகவும் தம்பியுடைய பங்கு தரிசாகவும் ஆகக்கூடும். இருவரையும் வளர்த்தது ஒரே பெற்றோர் என்பதால், வித்தியாசத்தைக் குணத்தில் தேடுவதில் பொருளில்லை.

இந்தப் பேச்சில் எப்போதும் விட்டுப்போகும் ஒருவர் உண்டு. பட்டாளத்துக்காரர் பதினேழு ஆண்டு எல்லையில் இருந்தபோது நிலத்தைப் பார்த்தது யார்? மணியார்டரில் வந்த பணத்தை எண்ணி விதைக்கும் உரத்துக்கும் பிரித்து, மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொண்டு, ஆள் பிடித்து நடவு முடித்து, ஆண்டுக்கு ஒருமுறை லீவில் வருகிறவருக்குக் கணக்கு ஒப்பித்தவர் மனைவி. ‘மிலிட்டரிக்காரர் தோட்டம்’ என்று ஊர் சொல்லுகிற பல தோட்டங்களை உண்டாக்கியவர் அவர்தான். 2015–16 வேளாண் கணக்கெடுப்பில் நாட்டின் நில நிர்வாகிகளில் பெண்கள் 14 சதவீதத்தைத் தொடவில்லை. பட்டாவில் பெயர் இல்லாததால் கணக்கெடுப்பிலும் இல்லை. ராணுவ ஒழுங்குதான் காரணம் என்றால், ராணுவத்தை எட்டிக்கூடப் பார்க்காத அவர் அதே நிலத்தை அத்தனை ஆண்டு எப்படி நடத்தினார்? மாதச் சம்பளம் அனுப்பிய கணவர் இருந்ததால் நடத்தினார். வாதம் இங்கேயும் பணம் வரும் ஒழுங்கில்தான் வந்து நிற்கிறது.

போர்வீரனுக்கும் நிலத்துக்கும் உள்ள உறவு நம் மண்ணில் பழையது. போரில் செத்தவன் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் கொடுத்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. நாயக்கர் காலத்துப் பாளையங்களில், இந்தப் பக்கத்துச் சேற்றூர், சிவகிரி உட்பட, ஆயுதம் ஏந்துகிறவனுக்குக் கூலி நிலமாகத்தான் வந்தது. 1801-இல் கம்பெனி பாளையங்களை ஒடுக்கி ஆயுதங்களைப் பறித்தபோது அந்த ஏற்பாடும் சேர்ந்து உடைந்தது. ரோமில் அகஸ்டஸ் வேறு திசையில் போனார். ஓய்வு பெறும் வீரர்களுக்குக் கொடுக்க யார் நிலத்தையாவது பறிக்க வேண்டியிருந்தது, அது உள்நாட்டுக் கலகமாக மாறியது என்பதைக் கண்டவர் அவர். கி.பி. 6-இல் படைவீரர்களுக்கென்று தனிக் கருவூலம் அமைத்து, வாரிசுச் சொத்தில் ஐந்து சதவீத வரி போட்டு, ஓய்வுக்குப் பணமாகக் கொடுக்க வழி செய்தார். நிலம் மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவைவிடத் தெளிவான சாட்சி இல்லை. முதல் உலகப் போர் முடிந்ததும் ஏறத்தாழ 37,000 வீரர்களை அங்கே நிலத்தில் குடியமர்த்தினார்கள். பத்தாண்டுக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் கடனில் மூழ்கி நிலத்தை விட்டு வெளியேறினார்கள். 1929-இல் நீதிபதி பைக் கொடுத்த அறிக்கை, அரசுகளுக்கு ஏற்பட்ட நஷ்டத்தை 2 கோடியே 35 லட்சம் பவுண்டு என்று கணக்கிட்டு, முதலீடு இல்லாமை, குடும்பம் பிழைக்கப் போதாத நில அளவு, விளைபொருள் விலை வீழ்ச்சி, விவசாயத்துக்குத் தகுதியில்லாத ஆட்கள் ஆகியவற்றைக் காரணமாகச் சொன்னது. பட்டியலில் கடைசியாகச் சொன்னதைத் தவிர மற்ற மூன்றும் பணத்தைப் பற்றியவை. காலிபோலிப் போர்முனையில் நின்ற ஆட்களுக்கு ஒழுங்கு போதவில்லை என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள்.

எந்த ஊருக்கு இந்தப் பட்டாளத்துப் பணம் போய்ச் சேர்ந்தது என்பதும் வரலாறு முடிவு செய்த விஷயம். சென்னை ராணுவத்தின் தளபதியாக 1880-களில் இருந்து பிறகு இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதியான ராபர்ட்ஸ், தென்னாட்டார் போருக்கு ஆகாதவர்கள் என்று முடிவுகட்டினார். ஆள் எடுப்பு பஞ்சாபுக்கும் நேபாளத்துக்கும் திரும்பியது. 1758-இல் வேர் கொண்ட மதராஸ் படையணி 1920-களின் முடிவுக்குள் கலைக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரில்தான் மறுபடி எழுப்பப்பட்டது. அந்த அரை நூற்றாண்டில் பஞ்சாபில் வாய்க்கால் குடியேற்றங்களில் படைவீரர்களுக்கு நிலமும் தண்ணீரும் பென்ஷனும் சேர்ந்து கிடைத்தன. பஞ்சாப் விவசாயி உழைப்பாளி, தமிழ்நாட்டு விவசாயி அப்படியில்லை என்று பேசுகிறவர்கள் இந்த வரவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இனி, உண்மையிலேயே கனமான மறுப்பு. பென்ஷன் உயிரைப் பணயம் வைத்ததற்கான ஊதியம். அதை விவசாயியோடு ஒப்பிடுவது வீரனைச் சிறுமைப்படுத்தும் என்பார்கள். கல்வானில் 2020 ஜூனில் உயிர் கொடுத்த ஹவில்தார் பழனி ராமநாதபுரம் மாவட்டத்துக் கடுக்கலூர்க்காரர். வீர் சக்ரா பெற்றவர். அந்தத் தியாகத்துக்கு ஈடு எதுவும் கிடையாது. பென்ஷனும் தானமாக வந்ததில்லை. 1973-இல் மூன்றாவது ஊதியக் குழு சிப்பாயின் ஓய்வூதிய விகிதத்தைக் குறைத்ததிலிருந்து நாற்பது ஆண்டுக்கு மேல் போராடி, பதக்கங்களைத் திருப்பிக் கொடுத்துத் தெருவில் உட்கார்ந்துதான் 2015-இல் ‘ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்’ வாங்கினார்கள். அதிலிருந்து ஒரு ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு மனமில்லை. நான் கேட்பது, அந்தப் பணம் நிலத்தில் இறங்கியதும் என்ன செய்கிறது என்பதை மட்டும். 1965-இல் சாஸ்திரி படைவீரனையும் உழவனையும் ஒரே முழக்கத்தில் சேர்த்து வாழ்த்தினார். அவர்களில் ஒருவருக்கு அரசு ஆயுள் முழுக்க வருமானத்துக்கு உத்தரவாதம் கொடுத்தது. இன்னொருவரை மழைக்கும் மண்டிக்கும் விட்டுவிட்டது. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் 2006-இல், விவசாயியின் நிகர வருமானம் அரசு ஊழியரின் வருமானத்தோடு ஒப்பிடத் தக்கதாக இருக்க வேண்டும் என்று எழுதியது. குறைந்தபட்ச ஆதரவு விலை பற்றிய அதன் பரிந்துரையை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம், இதை மறந்துவிட்டோம்.

எல்லா விவசாயிக்கும் பென்ஷன் கொடுக்க அரசிடம் பணம் எங்கே என்பது அடுத்த கேள்வி. தொகையில் சமம் கேட்கவில்லை. பட்டாளத்துப் பென்ஷனைப் பயனுள்ளதாக்கும் குணங்களைக் கேட்கலாம்: மாதாமாதம் வருவது, விலைவாசியோடு ஏறுவது, ஒருபோதும் நிற்காதது. பிரதமர் கிசான் நிதி ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வருகிறது; தொடங்கியபோது நிர்ணயித்த தொகை விலைவாசியோடு ஏறுவதற்கு எந்த ஏற்பாடும் இல்லாதது. மாதக் கணக்கில் 500 ரூபாய். நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் போகும். குத்தகைக்கு உழுகிறவருக்கு இல்லை. இதை வைத்து எவரும் மாங்கன்று காய்க்கும் வரை காத்திருக்க முடியாது. நிரந்தரப் பணம் ஆளைச் சோம்பேறியாக்கும் என்று அஞ்சுகிறவர்கள் முன்னாள் படைவீரர் தோப்புகளைப் போய்ப் பார்க்கலாம்; பென்ஷன் வாங்கிக்கொண்டே கிணற்றடியில் பொழுது விடிய நிற்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். இன்னொரு குறையை மட்டும் மறுக்க மாட்டேன். சம்பளமும் பென்ஷனும் உள்ளவர்கள் நொடித்தவரிடமிருந்து நிலத்தை வாங்கி விலையை ஏற்றிவிடுகிறார்கள் என்பது மெய். சிலருக்கு மட்டும் தரைமட்டம் இருக்கும்போது அது நடக்கத்தான் செய்யும்.

இப்போது அந்தச் சிலருக்கும் இல்லாமல் போகிறது. 2022 ஜூன் 14-இல் அறிவித்த அக்னிபாத் திட்டத்தில் சேர்கிறவருக்குப் பணி நான்கு ஆண்டு. நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரை நிரந்தரப் படையில் எடுத்துக்கொள்ளப்படலாம். மற்றவர்கள் வீடு திரும்புவார்கள். அவர்களுக்குப் பென்ஷன் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. கையில் கிடைப்பது சேவா நிதி, வட்டியோடு சுமார் 11.71 லட்சம் ரூபாய். அதில் பாதி அவர் சம்பளத்திலிருந்து மாதம் 30 சதவீதமாகப் பிடித்த அவருடைய பணம். முதல் அணியின் நான்காண்டு 2026 கடைசியிலும் 2027 தொடக்கத்திலும் முடிகிறது. இருபத்துச் சொச்சம் வயது, பத்து லட்சத்துக்கு மேல் ரொக்கம், இதைவிட வேறு என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். மத்திய ஆயுதக் காவல் படைகளில் இட ஒதுக்கீடு இருப்பதையும் காட்டுகிறார்கள். வேலை கிடைக்கிறவருக்கு நல்லதுதான், ஆனால் அவர் நிலத்துக்கு வரப்போவதில்லை. நிலத்துக்கு வருகிறவருக்கு மொத்தமாக வந்த பணம் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்தில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. தங்கை கல்யாணம், அப்பா வாங்கிய கடன், ஒரு போர்வெல், அது பொய்த்துப்போனால் இன்னொரு போர்வெல். ஆஸ்திரேலியாவில் நிலமாகக் கொடுத்துத் தோற்றதை இங்கே ரொக்கமாகக் கொடுத்துப் பார்க்கிறோம்.

ஒன்று செய்யலாம். சேவா நிதியை மொத்தமாக வாங்க விரும்பாதவருக்கு அதை மாதத் தொகையாக வாங்கும் உரிமையை அரசு கொடுக்கலாம். 11.71 லட்சத்துக்கு ஏழு சதவீத வட்டி என்று வைத்தால் முதலைத் தொடாமலே மாதம் ஏறத்தாழ 6,800 ரூபாய் வரும். பயிரிலிருந்து வந்த அந்த 3,798 ரூபாயைவிட இது அதிகம், படைவீரரின் குறைந்தபட்ச 9,000 ரூபாயைவிடக் குறைவு. வட்டிக்கு மேல் அகவிலை நிவாரணத்தை மட்டும் அரசு ஏற்றுக்கொண்டால், இருபத்துமூன்று வயதில் ஊர் திரும்புகிறவர் தென்னை வைக்கத் துணிவார். முன்பணம் வாங்காமல் பூத்த மரத்தைப் பழம் வரைக்கும் பார்த்திருப்பார். முதலை எடுக்கக் கூடாது என்று கட்டுப்படுத்துவது அவர் சுதந்திரத்தில் கை வைப்பது ஆகாதா என்றால், விரும்பியவருக்கு மட்டும் என்று வைத்தால் போதும். இந்த அடிவாரத்தில் எத்தனை பேர் அதை விரும்புவார்கள் என்பது, திரும்பி வருகிறவர்களின் வீடுகளில் எவ்வளவு கடன் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.